ஈசானி மூலை

“ஈசானி மூலையில சத்தம் சரியில்ல. போயி சேட்டுகிட்ட சொல்லிட்டு வா.”

“நீ பேசாம கெடய்யா. அவங்களுக்குத் தெரியாதா?”

“இன்னா தெரியும்? காது குடுத்துக் கேளு. மத்த எடத்துல எல்லாம் கட்டை டங்கு டங்குன்னு எகிறுது. அங்க மட்டும் பொத்து பொத்துன்னு கீது. சேத்துல எருமை நடக்கற மாதிரி. போமே, போயி சொல்லு.”

பவளம் புருஷனின் கட்டிலருகிலிருந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். மாட்டுக் கொட்டாயை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே அவர்கள் வீடு. வீடு என்று சொல்ல இன்னும் நாள் இருந்தது. சுவர் நின்றது, நிலை நின்றது. மேல்தளத்தில் பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையிலிருந்த மரக்கட்டையால் புதுச் சுண்ணாம்புத் தளத்தை இறுக அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்றில் அவர்கள் தலைத்துணி பறந்தது.

“சேட்டு! ஈசானி மூலைய இன்னும் அடிக்கச் சொல்றாரு!”

மேஸ்திரி சேட்டு அந்த மூலைக்குப் போய்க் குதிகாலால் மிதித்துப் பார்த்தான். குனிந்து கட்டையால் ஒரு தட்டுத் தட்டினான்.

“படுத்த எடத்துலர்ந்து எப்பிடித்தான் கேக்குதோ அந்தாளுக்கு! சரி, அடிச்சிடறோம்னு சொல்லு.”

“காதுக்கு ஒடம்பு சரியாத்தான் கீது நாய்க்கருக்கு” என்றாள் வரிசையின் முதலில் இருந்த செங்கேணி. “எயுந்து வந்தாருன்னா நம்மள மூச்சு வுட வுட மாட்டாரு. அவரு அங்கியே படுத்துகினு இருக்கட்டும்டி.”

பெண்கள் சிரித்தார்கள். பவளமும் சிரித்தாள். திரும்பி நடக்கும்போது அந்தச் சிரிப்பைக் கொட்டாய்வரை கொண்டுபோக முடியவில்லை.

பவளத்தின் புருஷன் தாண்டவராயனுக்குத் திருப்புலிவனத்தில் ஏரிப் பாய்ச்சலில் கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு. குழந்தை இல்லை. எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழையில் பழைய மண்சுவர் வீடு உட்கார்ந்துவிட்டது. சுவர் சாயும் சத்தம் கேட்டு இரண்டுபேரும் வெளியே ஓடிவந்து, எதிர்வீட்டில் பவளத்தின் தம்பி கன்னியப்பனிடம் தஞ்சம் புகுந்தார்கள். அடுத்த கோடையில் தாண்டவராயன் தன் கழனி மண்ணையே வெட்டி, மிதித்து, அறுத்து, காயவைத்து, சூளை போட்டான். சூளை வேகும்வரை அங்கேயே கிடந்தான். செங்கல் நன்றாக வெந்திருந்தது. ஒன்றோடொன்று தட்டினால் வெண்கலம்போலக் கேட்டது.

செங்கல் ஆயிற்று, சிமெண்ட் ஆகவில்லை. சிமெண்டுக்கு பர்மிட் கேட்டு ஊரே அலைந்த காலம் அது. தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்தபோதுதான் யாரோ சொன்னார்கள், உத்திரமேரூரில் ஒருத்தன் சிமெண்டே இல்லாமல் கட்டுகிறானாம் என்று.

கடைத்தெருவுக்குப் பின்னால் பழைய நெல் குடோன் ஒன்றில் இருந்தது அந்த இடம். ‘வரதன் கட்டடப் பட்டறை’ என்று பலகை. ஊரில் அதற்குச் சுண்ணாம்பு ஆபீசு என்று பேர். மெட்ராசில் படித்து, அங்கே பெரிய கம்பெனியில் உத்தியோகம் பார்த்து, அது பிடிக்காமல் வந்தவன் வரதன். செங்கல்லுக்குமேல் பூச மாட்டான். மரத்துக்குப் பெயிண்ட் அடிக்க மாட்டான், எண்ணெய் தடவி விடுவான். எது எதுவோ அது அதுவாகவே கண்ணுக்குத் தெரியவேண்டும், உள்ளே ஒன்று வெளியே ஒன்று கூடாது என்பது அவன் பிடிவாதம். “வெள்ளையடிக்க வக்கில்லாதவன் போற ஆபீசு” என்று கடைத்தெருவில் சிரித்தார்கள்.

தாண்டவராயன் அங்கே போய்வந்ததைப் பவளத்திடம் பலமுறை சொல்லியிருக்கிறான்.

“நான் கேட்டேன், எத்தினி வருசம் நிக்கும் தம்பின்னு. ஒயுங்கா பாத்துக்கினா ஒங்க பேரன் காலத்துலயும் நிக்கும்னான். பேரன் இல்ல தம்பி, புள்ளையே இல்லன்னேன். மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி அவனுக்கு. அப்புறம் சொல்றான், ‘யாராவது இருப்பாங்க இல்ல அதுல, அவங்க காலத்துலயும் நிக்கும்’ன்றான்.”

“அதுக்கு நீ இன்னா சொன்ன?”

“இன்னா சொல்றது? ஆறுதலுக்குக் கூடப் பொய் சொல்லத் தெரியல பையனுக்கு. சரி, இவன்தான் நம்ம வூட்டக் கட்டணும்னு வந்துட்டேன்.”

சுவர் எழும்பியதும் ஊர் பேச ஆரம்பித்தது. பூச்சு இல்லாத செங்கல் சுவரைப் பார்த்து “சட்ட போடாத வூடு” என்று பேர் வைத்தார்கள். ஏரிக்கரையில் ஒருவன் முகத்துக்கு நேராகவே கேட்டான்: “புள்ள இல்லாதவனுக்கு இன்னாத்துக்குய்யா இவ்ளோ கெட்டியா வூடு?”

“புள்ள இருந்தா அவன் சொல்லுவான் எம்பேர. எனக்குச் செங்கல்லுதான் சொல்லணும். கெட்டியா இருந்தாத்தான சொல்லும்?” என்றான் தாண்டவராயன்.

வைகாசியில் முகூர்த்தம் பார்த்திருந்தார்கள். தளம் போடச் சுண்ணாம்பு வந்தது சித்திரையில். குழியில் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் உலைபோலக் கொதித்து மாவாகிவிடும். இது கொஞ்சம் கொதித்து அடங்கிவிட்டது. மண்வெட்டியால் கிளறினால் பாதி கல்லாகவே நின்றது. சூளையில் சரியாக வேகாத சரக்கு.

“சலிச்சிட்டுப் போட்டுக்கலாம் சார்” என்றான் சேட்டு. “ஊரு ஒலகத்துல இப்பிடித்தான் போடறாங்க.”

வரதன் ஒரு கல்லை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தான். “சலிச்சாலும் பொடிப்பொடியா உள்ள போயிடும். தளத்துல போனப்புறம் மழைத்தண்ணி பட்டு அது ஒவ்வொண்ணா வெடிக்கும். எனக்கு மனசு இல்ல. ஆனா வீடு உங்களோடது. நீங்க சொல்லுங்க.”

தாண்டவராயன் குழிக்கரையில் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான். வைகாசி முகூர்த்தம் அவனுக்கும் தெரியும்.

“வேவாத சோத்த எலையில போடுவாங்களா? வாரிக் கொட்டு.”

கொட்டிவிட்டார்கள். மரக்காணம் பக்கமிருந்து புதுக் கிளிஞ்சல் வந்து, வெந்து, குழியில் ஊற ஆரம்பிப்பதற்குள் வைகாசி போயிற்று. ஆனியிலும் ஆடியிலும் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். சரி, ஆவணி என்று ஆயிற்று. ஓடியா போகிறது வீடு என்றான் தாண்டவராயன்.

ஆனியில் அவனுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. முதலில் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். பிறகு வயிறு கல்லாகி, கண் உள்ளே போய், கன்னியப்பன் வண்டி கட்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். படம் பிடித்துப் பார்த்த டாக்டர் பவளத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கட்டி பரவிட்டுதும்மா. கத்தி வைக்கிற நிலைமையில இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, அவரு ஆசைப்பட்டதக் குடுங்க.”

“எந்த வூட்டுக்கு டாக்டரு?” என்றாள் பவளம்.

அவருக்குப் புரியவில்லை.

கன்னியப்பன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அவன் மனைவி எல்லம்மாள் நல்லவள்தான். நாத்தனார் புருஷனுக்குக் கஞ்சி வடித்துக் கொடுத்துக்கொண்டே அடுப்பங்கரையில் பவளத்திடம் மெதுவாகப் பேச்செடுத்தாள்.

“நான் ஒண்ணும் சொல்லல அண்ணி. நான் வாயத் தெறந்து சொன்னா நாக்கு அயுவிப் பூடும். ஆனா ஊரு சொல்லும். இது பங்காளி வூடு இல்ல, மாமன் மச்சான் வூடு. மத்தவங்க வூட்டு உசுரு இங்க போயி, அதே எடத்துல பந்தக்காலு நட்டா, நாளைக்குப் பொண்ணுக்கு ஒரு தலவலின்னாக்கூட சம்பந்தி அதத்தான சொல்லுவா?”

“எனக்குத் தெரியாதா எல்லம்மா?”

“இன்னொண்ணும் கீது அண்ணி. அண்ணா ஆவணி வரைக்கும் நல்லா இருக்கணும். நீ பூவும் பொட்டுமா இருந்தாத்தான ஒன் வூட்ல நீ பால் பொங்க வெக்கலாம்?”

பவளம் அரிசி களைந்த தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றப் போனாள். திரும்பி வந்தபோது தாண்டவராயன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

“கன்னியப்பா! என் கயித்துக் கட்டில அந்தக் கொட்டாயில போடு.”

“இன்னா மாமா நீ? மாடு கட்ற எடத்துல போயி...”

“காத்து நல்லா வரும்டா. எதுருல எங்க வூடும் தெரியும். இங்க படுத்தா ஒங்க வூட்டு உத்தரத்தயே பாத்துகினு இருக்கணும். பேஜாரா கீது.”

கன்னியப்பன் மனைவி பக்கம் திரும்பவில்லை. கட்டிலைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் அக்காவிடம் வந்து, “வாலாஜாபாத்ல ஒருத்தன் பர்மிட் இல்லாம சிமெண்டு தரானாம்க்கா. இஞ்சினீருகிட்ட கேட்டுப் பாரு. சட்டுனு மூடிட்டா மாமா மனசு நெறைஞ்சிடும்” என்றான். அவனுக்கும் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

மறுநாள் பவளம் பஸ் ஏறி உத்திரமேரூர் போனாள்.

பட்டறைக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. சுவரோரமாக விதவிதமான செங்கல், பலவிதக் கலவையில் பூசிக் காயவைத்த சின்னச் சின்னப் பாளங்கள், எண்ணெய் தடவிய பலாமரத் துண்டு, பனஞ்சட்டம். ஒவ்வொன்றும் யார் யாரோ தொட்டுத் தொட்டு மழுங்கியிருந்தது. வரதன் பலகைமேல் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“அவருக்கு எப்படிம்மா இருக்கு?”

“நைனா, வாலாஜாபாத்ல சிமெண்டு கீதாம். எந்தம்பி கொண்டாறேன்றான். அத்தப் போட்டு நாலு நாளுல மூடிடு.”

“சிமெண்ட் போட்டாலும் நாலு நாள்ல ஆகாதும்மா. அடியில முட்டுக் குடுத்து, கம்பி கட்டி ஊத்தணும். அப்புறம் தண்ணி கட்டணும். முட்டுக்கட்டையப் பிரிக்கவே ஆடி போயிடும்.”

“அப்ப மேல நாலு கீத்தப் போடு.”

“கீத்து நாளைக்கே போடறேன். இன்னிக்குக் கூட ஆள் அனுப்பறேன். ஆனா ஆடி மாசத்துல பால் காய்ச்சக் கூடாதுன்னு நீங்கதானே...”

அவளே போட்டுக்கொண்ட முடிச்சு மாதிரி இருந்தது. ஆனால் அவள் போட்டதும் இல்லை.

“நூறு வருசம் நிக்கிற வூட்ட நானா கேட்டேன்?” குரல் உயர்ந்துவிட்டது. “நூறு நாளு நின்னா போதும் எனக்கு. நூறு நாளு நிக்கிற மாதிரி ஒரு வூட்டக் கட்டி, ஒடனே குடு நைனா.”

வரதன் மேசைமேல் இருந்த சுண்ணாம்புப் பாளத்தை எடுத்தான், வைத்தான்.

“அப்படிக் கட்ட எனக்குத் தெரியாதும்மா.”

திமிரில் சொல்லவில்லை. நீச்சல் தெரியாதவன் கிணற்றுக் கரையில் நின்றுகொண்டு தெரியாது என்று சொல்வதுபோலச் சொன்னான். பவளத்துக்கு அது தெரிந்தது. அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். அவனும் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தான்.

“அந்தச் சுண்ணாம்பையே போட்டிருந்தா வைகாசியிலேயே குடி போயிருப்பீங்க” என்றான்.

“அவருதான கொட்டச் சொன்னாரு.”

“நான் கேக்காம இருந்திருக்கலாம்.”

“கேக்கற ஆளுன்றதாலதான் ஒங்கிட்ட வந்தாரு அவரு. வுடு.”

டீக்கடைப் பையன் வைத்துவிட்டுப் போன கிளாசில் ஆடை படிந்தது. இருவரும் குடிக்கவில்லை.

“குழியில சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி ஊறியிருக்கு. நாளைக்கே சேட்டையும் ஆளுங்களையும் அனுப்பறேன். ஆடி முடியறதுக்குள்ள தளத்த அடிச்சி முடிச்சிடலாம். ஆவணி முதல் முகூர்த்தத்துல நீங்க பால் காய்ச்சலாம்.”

“அது வரைக்கும்?”

செங்கல்லைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவளைப் பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுவந்து விட்டான்.

சொன்னபடி ஆள் வந்தது. சுவர்மேல் கிடத்திய பனஞ்சட்டங்களுக்கு மேலே சின்னச் செங்கல்லை நிறுத்தி நிறுத்தி அடுக்கினார்கள். அதன்மேல் உடைசெங்கல்லும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிப் பரப்பினார்கள். காலனியிலிருந்து செங்கேணியும் அவள் கூட்டமும் வந்து ஏணி ஏறினார்கள். ஏறுமுன் சேட்டு பவளத்தைத் தனியே அழைத்தான்.

“ஒரு விசயம் நாய்க்கரம்மா. கட்டையத் தொட்டுட்டா முடிக்கிற வரைக்கும் நிறுத்தக்கூடாது. பகல் பூரா அடிச்சி, ராவுக்கு ஈரக்கோணி போட்டு மூடி, விடிஞ்சதும் மறுக்கா அடிக்கணும். அடிக்க அடிக்கத்தான் எறுகும். நடுவுல ரெண்டு நாளு வுட்டுட்டா அது இஷ்டத்துக்குக் காஞ்சிக்கும். அப்புறம் அடிச்சா வெடிச்சிப் பூடும். மொத்தத்தயும் பேத்துட்டு புதுசா போடணும்.”

“சரி, நிறுத்தாத.”

“நான் நிறுத்த மாட்டேன்...” சேட்டு கொட்டாய்ப் பக்கம் பார்த்தான். “தலக்கட்டுக்கு ஒண்ணு ஆயிட்டா கருமாதி வரைக்கும் அந்த வூட்ல கொத்துக் கரண்டியத் தொடக்கூடாது. அது ஒங்களுக்கே தெரியும். ஒரு பொம்பள மேல இருக்க மாட்டா. அதான் கேக்கறேன். தள்ளிப் போடலாமா?”

“தள்ளிப் போட்டா ஆவணி இன்னா ஆவறது? வாயக் கயுவிட்டு ஏறு மேல.”

அன்றைக்கு ஆரம்பித்தது அந்தச் சத்தம். வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடித்தார்கள். வரிசை முழுக்க ஒரே அடியாக விழவேண்டும். அதற்குச் செங்கேணி ஒரு பாட்டுக் கட்டினாள். மற்றவர்கள் ‘அடி சாத்து’ என்று கட்டையை இறக்கினார்கள்.

“சட்ட போடாத வூடு...”

“அடி சாத்து!”

“சம்பந்தி வந்து பாத்தா...”

“அடி சாத்து!”

“வெக்கப்பட்டு ஓடுவா...”

“அடி சாத்து!”

கட்டிலில் தாண்டவராயன் உடம்பு குலுங்கச் சிரித்தான். சிரித்தால் வயிறு வலித்தது, வலித்தாலும் சிரித்தான்.

“ஏம்மே பவளம், என் வூட்டுக்கு வெல்லத் தண்ணி, எனக்கு மொளகு ரசமா? அந்தப் பொம்பளைங்களக் கேட்டு ஒரு வாயி வாங்கியா.”

“அதுல கடுக்கா போட்டுக் கீது. கசக்கும்.”

“கடுக்கா போடறதுக்கு முன்னாடி எடுக்கச் சொல்லு. அறிவு வாணாம்?”

செங்கேணி வெல்லப் பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு தினமும் அதுதான் அவனுக்கு ஆகாரம். கஞ்சி வயிற்றில் நிற்கவில்லை. எல்லம்மாள் மாரியம்மன் கோயிலிலிருந்து வாங்கிவந்த ஆடிக் கூழ் நிற்கவில்லை. வெல்லத் தண்ணீர் மட்டும் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டபடியே கிடப்பான். எங்கே இறுகியது, எங்கே இறுகவில்லை என்று சொல்லி அனுப்புவான். பவளம் போய்ச் சொல்லிவிட்டு, சேட்டு சொன்னதைக் கேட்டுக்கொண்டு வருவாள். புருஷனும் பெண்டாட்டியும் இவ்வளவு பேசியது கல்யாணம் ஆன புதிதில்கூட இல்லை.

ஒருநாள் வரதன் கொட்டாய்க்குள் வந்து கட்டில் அருகில் குந்தினான். பவளத்தைப் பார்த்துச் சொன்னான்: “யாரு என்ன வேணா சொல்லட்டும்மா. தூக்கிட்டுப் போயி உள்ள படுக்க வெச்சிடலாம். தளம் தாங்கும். அவரு வீடு, அவரு இருக்கட்டும்.”

பவளத்துக்கும் அந்த ஆசை இருந்தது. அவள் கட்டிலைப் பார்த்தாள்.

“வாணாம் இஞ்சினீரு தம்பி” என்றான் தாண்டவராயன். “பால் காய்ச்சாத வூட்ல பொணம்தான் மொதல்ல கால் வெச்சிதுன்னா, அப்புறம் அத்த எவன் வாங்குவான், எவன் குடியிருப்பான்? இவ தனியா இருந்தா எவன் வந்து ஒரு வாயித் தண்ணி குடிப்பான் அங்க? யாராவது இருப்பாங்கன்னு நீதான சொன்ன? அப்ப அது சுத்தமா இருக்கணும் இல்ல?”

வரதன் தலை குனிந்துகொண்டான். அவன் வாயிலிருந்து வந்த வார்த்தையை வைத்தே தாண்டவராயன் கதவைச் சாத்திவிட்டான். வரதன் மேலே போய், பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு அடித்தான். அவன் அடி வரிசையோடு சேரவில்லை. “சாரு அடிச்சா தளம் சிரிக்குது” என்று கேலி செய்தார்கள். அவன் நிறுத்தவில்லை.

ஈசானி மூலையைப் பற்றித் தாண்டவராயன் சொல்லியனுப்பியது கடைசி நாள் காலையில். அன்று பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம் என்று சேட்டு சொல்லியிருந்தான். தெற்கே மேகம் கறுத்துக் கிடந்தது. ஆடிக் கடைசியில் இந்தப் பக்கம் சாயங்காலம் இடியோடு ஒரு மழை அடிப்பதுண்டு. அதற்குமுன் முடிக்கவேண்டும் என்று வேகமாக அடித்தார்கள்.

பவளம் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“சொன்னியா?”

“சொன்னேன். அடிச்சிடறோம்றான்.”

“இன்னா இன்னிக்குப் பாட்டே காணோம்?”

“மய வருதுன்னு அவசரமா அடிக்கறாங்க.”

“மய வருதா? வரட்டும். நம்ம ஏரிக்கு வாணாமா?” சத்தம் வந்த பக்கம் காதைத் திருப்பினான். “பவளம்.”

“இன்னாய்யா?”

“அந்த மூல இன்னும் பொத்துனுதான் கீது.”

“வெல்லத் தண்ணி குடிக்கிறியா?”

குடித்தான். ஒரு வாய் உள்ளே போயிற்று. அடுத்த வாய் உதட்டோரம் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள். துடைத்த பிறகும் வாய் மூடவில்லை. கண் கூரைக் கீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. மார்பில் கை வைத்தாள். கையை எடுத்து மூக்கருகில் வைத்தாள். பக்கத்தில் மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்து தொண்டைவரை வந்தது. அந்த நேரம் எதிரில் வரிசையாகக் கட்டைகள் விழுந்தன. அவள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

இப்போது குரல் கொடுத்தால் செங்கேணி கட்டையைப் போட்டுவிட்டு இறங்குவாள். அவள் பின்னாலேயே எல்லாரும் இறங்குவார்கள். அது மரியாதை, அப்படித்தான் இறங்கவேண்டும். பிறகு பறை வரும், பாடை வரும், கருமாதிவரை அந்த ஏணியில் ஒருவர் கால் வைக்கமாட்டார்கள். பாதி அடித்த தளத்தின்மேல் மழை விழும். அவனுக்கு ஆவணி இனி இல்லை. பால் பொங்கவைக்கும் கொடுப்பினை அவள் கைக்கும் இனி இல்லை. எல்லாம் போயிற்று. மேலே அடிபடுகிற அது ஒன்று மட்டும் இன்னும் போகவில்லை.

கண்ணை மூடிவிட்டாள். தலைத்துண்டால் தாடையைக் கட்டினாள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து முடிந்தாள். போர்வையை மார்புவரை இழுத்துவிட்டு ஈயை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எல்லம்மாள் கூழ்ச் சட்டியோடு கொட்டாய்ப் பக்கம் வந்தாள். பவளம் எழுந்து வாசல் தட்டியை மறைத்து நின்றாள்.

“அண்ணா முயிச்சிகினு கீதா?”

“இப்பதான் கண்ணு அசந்தாரு. எயுப்பாத.”

“நீயாவது ரெண்டு வாயி குடி அண்ணி. மூஞ்சியப் பாரு, பேயறைஞ்ச மாதிரி.”

“வெச்சிட்டுப் போ. குடிக்கிறேன்.”

எல்லம்மாள் போனாள். பவளம் மறுபடி உட்கார்ந்தாள். கட்டைச் சத்தத்தை இப்போது அவள்தான் கேட்கவேண்டியிருந்தது. இத்தனை நாளும் அவன் சொன்னதைக் கொண்டுபோய்ச் சொன்னாளே தவிர, அவளுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது. இன்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டங்கு டங்கு. அதற்கு நடுவில், ஆமாம், ஒரு பொத்து.

வெளியே போனாள்.

“சேட்டு! ஈசானி மூல இன்னும் எறுகலன்றாரு!”

குரல் உடையாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

“ஆளு அந்தப் பக்கம் போய்க்கினுதான் கீது! அவசரப்படாம இருக்கச் சொல்லு!”

வெயில் சாய்ந்தபோது செங்கேணி வெல்லச் சொம்பை வாங்கிப் போகக் கீழே வந்தாள். வழக்கம்போலக் கொட்டாய்க்கு வெளியே நின்றாள். “நாய்க்கரம்மா, சொம்பக் குடு. இன்னிக்கு நாய்க்கரு குடிச்சாரா?”

பவளம் சொம்பை எடுத்து நீட்டினாள். தட்டி காற்றில் விலகியது. செங்கேணியின் பார்வை கட்டிலின் கால்மாட்டில் நின்றது. போர்வைக்கு வெளியே தெரிந்த இரண்டு பாதமும் சேர்த்துக் கட்டியிருந்தன.

செங்கேணியின் கை மார்புக்குப் போயிற்று. வாய் திறந்தது. பவளம் தலையை ஆட்டினாள். வேறொன்றும் செய்யவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

“எப்பத்துலர்ந்து?”

“வெயிலு உச்சிக்கு வர்றதுக்கு முன்ன.”

“அடிப்பாவி. இவ்ளோ நேரமா...” செங்கேணி மேலே அண்ணாந்து பார்த்தாள். பிறகு மேகத்தைப் பார்த்தாள். “தெரிஞ்சிகினு நான் கட்டையத் தொட்டா பாவம் நாய்க்கரம்மா. எங்க ஜனம் என்ன ஒதுக்கி வெச்சிடும்.”

“நான் ஒன்ன ஒண்ணும் கேக்கல செங்கேணி.”

“கேக்கலதான்.”

அவள் சொம்பை வாங்கிக்கொண்டாள். போகாமல் நின்றாள்.

“நான் ஒண்ணும் பாக்கல” என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஏணியருகே போனவள் சொம்பைக் கீழே வைத்து, முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

கொஞ்சநேரத்தில் மேலிருந்து பாட்டு கேட்டது. அன்று முழுக்க இல்லாத பாட்டு.

“சட்ட போடாத வூடு...”

“அடி சாத்து!”

“இன்னாடி திடீர்னு? மய வருது, வாய மூடிகினு அடி” என்றாள் ஒருத்தி.

“நாய்க்கரு கேப்பாரு இல்ல. அடிடி.”

அந்தக் குரல் எங்கோ ஓரிடத்தில் பிசிறியது. வேறு யாருக்கும் தெரியவில்லை. வரிசை முழுக்க ஈசானி மூலைக்கு நகர்ந்தது. எல்லாக் கட்டையும் ஒரே இடத்தில் விழுந்தன. பொத்து, பொத்து. பிறகு இரண்டுங்கெட்டானாக ஒரு சத்தம். பவளம் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு டங்கு. மறுபடியும் டங்கு.

மழைக்காற்று மண்வாசனையோடு வந்தது. மேலே ஈரக்கோணி விரிக்கும் அரவம் கேட்டது. சேட்டு தளத்தின் விளிம்பில் வந்து நின்றான். அவன் பக்கத்தில் வரதன், கையெல்லாம் கொப்புளம், சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

“நாய்க்கரம்மா! முடிஞ்சிது! நாய்க்கருக்குக் கேட்டுதா? எப்பிடி கீதாம் சத்தம்?”

பவளம் கொட்டாய் வாசலுக்கு வந்தாள்.

“நல்லா கீதாம்.”

“ஈசானி மூல?”

“அதுவும் நல்லா கீதாம். எறங்கிடுங்க.”

வரதன் சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. செங்கேணி அவனைப் பார்க்காமல் முதல் ஆளாக இறங்கினாள். கீழே வந்ததும் கட்டையைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, தலைமுடிச்சை அவிழ்த்து மயிரை விரித்து விட்டுக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் அவளை வினோதமாகப் பார்த்தபடியே ஒவ்வொருத்தியாக ஏணியில் வந்தார்கள். சேட்டு வந்தான். கடைசியாக வரதன்.

அவன் கால் தரையில் படும்வரை பவளம் காத்திருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.